நடு வரம்பு

வயலின் நடுவில் ஓடும் அந்த வரம்பைக் காட்டி உழவு மெசின்காரத் தம்பி ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பான். "ரெண்டு பக்கத்தையும் நீங்கதானே செய்யிறீங்க, மறுகா இது என்னத்துக்கு?" உழுவதற்கு முன் வெட்டுவதும் உழுத பின் திரும்பக் கட்டுவதும் வீண் வேலை என்று எனக்குத் தெரியாதா? கூலிக்கு வருகிறவர்களும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

பழுகாமத்தில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில், அந்த வரம்புக்கு வடக்கே என் அம்மாவின் சீதன வயல். தெற்கே அம்மாவின் அக்காவுடையது. பெரியம்மா வாயாடி, அம்மா வீம்புக்காரி. வரம்பு செதுக்குகிற சாக்கில் மற்றவள் தன் மண்ணைத் திருடுகிறாள் என்று இருவருமே நம்பினார்கள். உண்மையில் இருவருமே திருடினார்கள். ஆள் நடந்தால் சறுக்கி விழும் அளவுக்கு வரம்பு மெலிந்துபோயிற்று. பிறகு பேச்சும் நின்றது. கலியாண வீடானாலும் செத்த வீடானாலும், ஒருத்தி முன்வாசலால் வந்தால் மற்றவள் பின்வாசலால் போய்விடுவாள்.

உலக யுத்தம் நடந்த காலம் அது. அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு. போதாததற்கு அந்த வருடம் நோய் வந்து எருமைகள் செத்து மடிந்தன. வயலை மிதித்துச் சேறாக்க மாடில்லை. ஒரு துண்டு நிலமும் சும்மா கிடக்கக் கூடாது என்று திட்டம் போட்ட அதிகாரிகள், தோணிகளைச் சேர்த்துக் கட்டிய 'பாதை' என்ற மிதவையில் ஓர் உழவு மெசினை ஏற்றி வாவியைக் கடந்து அனுப்பிவைத்தார்கள். ஓட்டி வந்தவர் தன்னாமுனைக்காரர், முன்கோபி. எங்கள் வயல்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "இந்த ஒடுக்கத்துக்குள்ள உழுகிற நேரத்த விடத் திரும்புற நேரந்தான் கூட. நடு வரம்ப வெட்டினா உழுவன். இல்லாட்டி அடுத்த வட்டைக்குப் போறன்." வானம் கறுத்துக்கொண்டு நின்றது. அவர் போய்விட்டால் அந்தப் போகம் இரண்டு வீட்டுக்கும் இல்லை.

அக்காவும் தங்கையும் வரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றேன். "மனே, வெட்டச் சம்மதமோ எண்டு அங்கால நிக்கிற ஆளிட்டக் கேளுங்க" என்றாள் பெரியம்மா, ஓட்டுநரைப் பார்த்து. அம்மாவும் அவரைப் பார்த்தே பதில் சொன்னாள். "முதல்ல மண்ணத் திருடின ஆள் சொல்லட்டும்." பாவம், அந்த மனிதர் கொஞ்ச நேரம் தூது போய்ப் பார்த்தார். கடைசியில், "சீ! என்ன பொம்புளையள்!" என்று ஏறி மெசினை முடுக்கிவிட்டார். அப்பப்பா, அந்தச் சத்தம்! இனித் தூது சொல்ல ஆளில்லை. போய்விடுவதற்காக அவர் மெசினைப் பின்னுக்கு எடுத்தபோது அம்மா அதைக் கவனிக்காமல் அதன் வழியிலேயே நின்றிருந்தாள். பெரியம்மா தொண்டை கிழியக் கத்தினாள். "தங்கச்சி! இஞ்சால வாகா!" அம்மா வரம்பின் மேல் பாய்ந்து அவள் பக்கம் விழுந்தாள். மெலிந்த வரம்பு அவள் காலடியில் உடைந்துபோயிற்று. அதே சத்தத்துக்குள் அம்மாவும் கத்தினாள். "அக்கா, வெட்டச் சொல்லு!"

பொழுது சாய்வதற்குள் இரண்டு பங்கும் ஒரே வயலாக உழுதாயிற்று. வரம்பை இனிக் கட்ட வேண்டாம், மெசினுக்கு அதுதான் வசதி என்று அதிகாரி ஒருவர் வந்து சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பெரியம்மா மண்வெட்டியோடு நின்றாள். "வரம்பு இல்லாட்டி நான் எங்க ஐயா இருந்து இவளோட கதைக்கிற? வீட்டில எங்களுக்கு நூறு வேல." அம்மா எதிர்ப்பக்கம் நின்று மண் போட்டாள். இந்த முறை வரம்பு இருவர் உட்கார்ந்து வெற்றிலை போடும் அளவுக்கு அகலமாக அமைந்தது. அதன் பிறகு யாரும் அதைச் செதுக்கவில்லை.

அம்மா போய் வெகு காலம். பெரியம்மாவின் மகள் பட்டணத்துக்கே போய்விட்டதால் அந்தப் பங்கையும் நான்தான் செய்கிறேன். அப்போதும் பெரியம்மா விடவில்லை. போகத்துக்குப் போகம் வரம்பைக் கட்டவைத்து, அதில் வந்து இருந்து, அம்மாவை ஏசியதுபோல என்னை ஏசுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. போன மாரியில் அவளும் போய்விட்டாள்.

இந்த வருடமும் மெசின்காரத் தம்பி வரம்பைக் காட்டிக் கேட்டான்.

"வெட்டுங்க தம்பி" என்றேன். "திருப்பிக் கட்டத் தேவையில்ல."