உதுமாலெவ்வை செய்த எலும்புகள்

உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வது மார்க்கத்தில் கூடாதென்று மேசன் உதுமாலெவ்வைக்குத் தெரியும். ஆனால் கை சும்மா இருந்தால்தானே? அதனால் எலும்புகளை மட்டும் செய்தார். "எலும்புக்கு உசிர் ஏது?" என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். உலகில் எங்குமே இல்லாத பிராணிகள் கல்லுக்குள் புதைந்து கிடப்பதுபோலச் சீமெந்திலும் சுண்ணாம்பிலும் வார்ப்பார். கடைசியாக வார்த்தது ஒரு கடற்கன்னி. இடுப்புவரை மனித எலும்பு, அதற்குக் கீழே மீன்முள். அதைச் சாய்ந்தமருதுக் கடற்கரையில், தென்னைகளுக்கு நடுவே மணலில் புதைத்து வைத்திருந்தார்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அதை இரண்டாக உடைத்து, மேல்பாதியை மட்டும் கரையில் போட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத கணவனின் உடல் மையத்தாகவாவது கரை ஒதுங்காதா என்று காத்திருந்த அவ்வாஉம்மா, அந்த விலா எலும்புகளைத் தடவிப் பார்த்து, "இது என்ட புரிசன்தான்" என்றாள்.

"இத நான்தான் செஞ்ச" என்றார் உதுமாலெவ்வை.

"மையத்துக்குப் பக்கத்தில நிண்டு விளையாட்டுக் கதை கதைக்காதீங்க காக்கா" என்று ஊரார் அதட்டினார்கள். மையத்தைக் காக்க வைக்கக் கூடாதென்று, லுஹர் தொழுகைக்கு முன்பே கபன் துணி சுற்றி அடக்கியும் விட்டார்கள்.

வாலைக் காட்டினால் நம்புவார்கள் என்று மூன்று நாள் கரையைக் கிளறினார். கிடைத்தது. சாக்கில் போட்டுச் சுமந்து வரும்போது, தன் வீட்டு வாசல் படலையடியில் அவ்வாஉம்மா நின்றாள்.

"இப்பதான் காக்கா எனக்கு நித்திரையே வருது" என்றாள். பிறகு தயங்கி, "அவர்ர கால் எலும்பத்தானே தேடுறீங்க? கிடைச்சிச்சா?"

உதுமாலெவ்வை சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல, தங்கச்சி."