அக்காவின் லீவு அட்டை

என் அக்கா ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அங்கே இயந்திரச் சத்தத்தையும் மீறி அவள் குரல்தான் கேட்கும். அப்படிப்பட்டவள் அன்று மருத்துவமனை பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் மகளுக்குப் பதினைந்து வயது. இன்னும் வயதுக்கு வரவில்லை. ஆனால் அடிவயிறு மேடிட்டிருந்தது. முந்தின நாள் அக்காவின் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டுக் காதில் எதையோ ஓதிவிட்டுப் போனாள். அக்கா மகளை ஓங்கி அறைந்து, "யாருடி அவன்?" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதிலிருந்து பிள்ளை யாரிடமும் பேசவில்லை.

டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். "கர்ப்பம் இல்லம்மா."

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்ப கட்டியா டாக்டர்?"

"இருங்க. வயித்துவலி வருமா?"

"அடிக்கடி வரும். வலி வந்தா ரெண்டு நாள் சுருண்டு படுத்துடுவா."

"எந்தெந்தத் தேதி?"

அக்கா திருதிருவென்று விழித்தாள். பிறகு பையைக் குடைந்து லீவு அட்டையை எடுத்தாள். மகளுக்கு வலி வந்த நாளெல்லாம் அவளும் லீவு. மேற்பார்வையாளர் தேதி முத்திரை குத்திக்கொண்டே, "மாசாமாசம் உங்க பொண்ணுக்கு வயித்துவலி வந்துடுதே, நல்ல சாக்கும்மா!" என்று கிண்டலடிப்பாராம். அந்த மனிதருக்குப் பட்டது, கூடவே இருந்த எங்களுக்கு உறைக்கவில்லை.

டாக்டரம்மா காலண்டரை வைத்து எண்ணினார். இரண்டிரண்டு நாளாக எட்டு முறை முத்திரை, ஒவ்வொரு முறைக்கும் இடையே நாலு வாரம். உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லி, படத்தைப் பார்த்தார். பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் அவளைப் பரிசோதித்துவிட்டு வந்தார். அதற்குள் அக்கா என் கையை நெரித்தே விட்டாள்.

"உங்க பொண்ணு வயசுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சும்மா. ரத்தம் வெளிய வர்ற வழிய ஒரு சவ்வு மூடியிருக்கு, பிறவியிலேயே. வரவேண்டியது எல்லாம் உள்ளயே தேங்கிடுச்சு. அதான் வலி, அதான் வயிறு. சின்ன ஆபரேஷன்தான், சரியாயிடும். கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா அழுதபடியே எழுந்துபோய், அவள் கன்னத்தைத் தடவக் கையை நீட்டினாள்.

பிள்ளை இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள்.