கரண்ட் போனால் விழுகிறவள்

முதலில் நாங்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நானும் தங்கை மல்லிகாவும் பக்கத்துப் பக்கத்து ஓவர்லாக் மிஷினில் தைத்தோம். கரண்ட் போனால் எல்லோரும் எழுந்து வாசலுக்கு ஓடுவோம். அவள் இருட்டில் இரண்டடி வைத்து விழுவாள். "கரண்டு போனா மல்லிகாளுக்கும் போயிருதாட்ட இருக்குது" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

பிறகு பெடலை மிதிக்கவே குனிந்து பார்க்கத் தொடங்கினாள். "கால் எங்க இருக்குதுன்னே தெரியமாட்டேங்குதுக்கா" என்றாள்.

ரத்தம் குறைவு என்றார் உள்ளூர் மருத்துவர். அம்மா இரும்பு டானிக்கும் முருங்கைக் கீரையுமாகக் கொடுத்தாள். நடை இன்னும் தள்ளாடியது.

கோவை மருத்துவர் அவளைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தவளை நான் பிடித்துக்கொண்டேன். அட்டாக்ஸியா (உடல் அசைவுகளின் ஒத்திசைவு குலைவது), இதயத்தையும் தாக்கும் வகை என்றார். பாதம் சொல்லாததைக் கண்ணால் பார்த்துத்தான் இத்தனை நாள் நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து கரண்ட் போனதும், "அப்படியே நில்லு கண்ணு, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு ஓடுவேன். என் கை இருந்தால் போதும் என்று நம்பினேன்.

சக்கர நாற்காலி வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் இதயம் வீங்கியபோது, அப்போதுதான் தெரியவந்துகொண்டிருந்ததை அதே மருத்துவர் விளக்கினார். செல்லுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்து சிறு கொத்துகளாக வேண்டும். அவை இல்லாமல் செல்லுக்குத் தெம்பு கிடைக்காது. கொத்துக் கட்ட உதவுவதாகக் கருதப்பட்ட ஃபிரடாக்சின் (ஒரு புரதம்) அவளிடம் மிகக் குறைவு.

"அப்ப இரும்பு பத்தலீங்களா சாமி?" என்றாள் அம்மா.

"இரும்பு உள்ளயே குமிஞ்சு கெடக்குதுங்கம்மா. குடோன் நிறைய நூல் இருந்தும் மிஷின்ல கோக்க ஆளில்லாத மாதிரி."

"நான் குடுத்ததுதான் குமிஞ்சிருச்சுங்களா?"

"இல்லீங்க. இது பொறப்புலயே வந்தது."

அம்மா நம்பவில்லை. முருங்கைக் கீரை அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் மறைந்திருந்த குறை அவளிடம் இரட்டையாகச் சேர்ந்துவிட்டது. எனக்கும் வந்திருக்கலாம். வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் அழுகை வருகிறது.

அடுத்த மழைக்காலத்தில் மல்லிகாவின் இதயம் நின்றது. நல்ல பகல். கரண்ட் இருந்தது. அவள் கை என் கையில்தான் இருந்தது.

வீட்டில் இந்த நோய் உள்ளவர் இருந்தால், இரவில் பாத்ரூம் விளக்கை அணைக்காதீர்கள். இதைவிடப் பெரிதாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் நான் எழுந்து ஓடுவதில்லை. கண்ணை மூடி நிற்கிறேன். தரை இருப்பது என் பாதத்துக்குத் தெரிகிறது. வாய் மட்டும் எந்த வருஷத்தில் இருக்கிறதோ, தானாகச் சொல்லிவிடுகிறது: "அப்படியே நில்லு கண்ணு, வந்துட்டேன்."