ஒரு புடவை, இரண்டு வீடு

அக்காவின் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும்படி அவர் வீட்டுக்காரர், என் மாமா, என்னிடம் சொன்னார். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் "அக்கா சேவூரில் வசிக்கிறார்" என்றே எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் ஆகியும் என் கைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அக்கா எனக்குப் போன் செய்தார். என் குழந்தைக்குக் காய்ச்சல். "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பாசிமணி வாங்க ஆரணி டவுனுக்குப் போகப் பஸ் ஸ்டாப்பில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. நான் இன்னும் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் வீட்டில் மாமா பக்கத்தில் இருக்கும்போதாவது நடந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசித்து என்ன ஆகப் போகிறது.

அக்கா பிறந்தது கலசப்பாக்கத்தில். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனார்கள். அக்கா பத்தாவதோடு நின்று, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய், என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். திருமணமாகிச் சேவூருக்கு வந்தபோது தெருவில் எல்லாரும் தறி போட்டிருப்பவர்கள், ஒருவருக்கொருவர் உறவு. அக்காவுக்கு ஒருவரையும் தெரியாது. தினம் ஒரு வீட்டு வாசலில் நின்று புளி, கறிவேப்பிலை என்று எதையாவது கேட்பார்.

"உங்க வூட்ல புளி இல்லியாக்கா?" என்றேன் ஒருமுறை.

"அரை கிலோ கெடக்குது. பேசத்தான் ஆளு இல்ல. சும்மா போயி நின்னா இன்னா வேணும்னு கேக்க மாட்டாங்க?"

பட்டுப் புடவையின் முந்தானை நுனியில் நூலை முடிந்து, பாசிமணி கோர்த்துக் குஞ்சம் கட்டுவதை அக்கா செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டார். முதல் இரண்டு புடவைகளைத் தானே முடித்தார். மூன்றாவதைப் பாதியில் எடுத்துப்போய் எதிர்வீட்டு மல்லிகாம்மாவிடம் கொடுத்தார். அவர்கள் வீட்டுத் தறி அப்போது நின்றுபோயிருந்தது. அன்றிலிருந்து அதுவே அக்காவின் சட்டம். எந்தப் புடவையும் இரண்டு வீடு பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் முடிச்சு, அடுத்த வீட்டில் மணி. அப்படியே பதினொரு வீடுகள் சேர்ந்தன. அந்தப் பெண்களில் பலருக்கு முதல் சொந்தச் சம்பாத்தியம் அதுதான்.

எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை.

"ஒரே ஆளு கட்னா ஜல்தியா முடியுமேக்கா. எதுக்கு வூடு வூடா தூக்கினு அலையறீங்க?"

"அந்த ஆளு படுத்துட்டா? நீயும் உங்க ஊரு கண்ணமங்கலத்துல ஆரம்பி. அங்க பொம்பளைங்களே இல்லியா?"

"கொழந்த வளரட்டும்க்கா."

"அவன் காலேஜ் போற வரிக்கும் இதையே சொல்லிகினு இரு."

அக்கா போன நான்காம் நாள், சேவூர் வீட்டில் அவர் போன் அடித்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டேன். போளூரிலிருந்து ஒரு அம்மா. அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை அக்காவிடம் குஞ்சத்துக்கு வந்திருக்கிறது. அக்கா தவறிவிட்டதைச் சொன்னேன்.

"பொண்ணு பொடவ எங்கம்மா கீது?"

"இங்கதாங்க இருக்கும், எங்க வீட்ல."

போன் கட் ஆனது. அப்புறம்தான் உறைத்தது. சாவு வீட்டில் கிடந்த முகூர்த்தப் புடவையை எந்தத் தாய் வாங்குவாள்? இந்தப் பேச்சு நாலு ஊருக்குப் பரவினால் இந்தத் தெருவுக்கு இனி யார் புடவை கொடுப்பார்கள்? இத்தனை வருடம் அக்கா கட்டியதை நான் ஒரு வார்த்தையில் அவிழ்த்துவிட்டேன்.

மல்லிகாம்மாவிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "படிச்ச புள்ள, கேட்டுட்டு சொல்லக் கூடாது? உங்க அக்கா கால்வாசி முடிச்சு போட்டு, பஸ்ஸுக்குப் போவும்போதே அத எங்கிட்ட குடுத்துட்டுதான் போச்சி. நாங்க முடிச்சி வெச்சிட்டோம். அந்தம்மா வந்தா, உங்க அக்கா கையே படலன்னு சொல்லிடு."

அந்த அம்மா மறுநாளே வந்தார். எங்கள் பந்தல் பக்கம் வராமல் மல்லிகாம்மா வாசலில் நின்றார். நான் தெருவிலேயே தள்ளி நின்றேன். புடவை எங்கள் வீட்டில் இல்லை, அக்கா போவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது என்பதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக் கேட்டார்: "அவங்க தொட்டாங்களா?"

மல்லிகாம்மா கண்ணைக் காட்டினார். எனக்குப் பொய் வரவில்லை. "ஆரம்பிச்சதே அக்காதாங்க. அன்னிக்கி காலைல."

அவர் முந்தானையை விரித்து நுனியைத் தடவிக்கொண்டே போனார். எது அக்காவின் முடிச்சு, எது மல்லிகாம்மாவுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"சாவு வூட்ல இருந்திச்சின்னா வாணாம்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றார். "அவங்க நல்லா இருக்கறப்போ கட்னத எப்டி வாணான்றது?"

புடவையை மடித்துப் பையில் வைத்தார்.

அக்காவை ஆட்டோவில் தூக்கிப்போன, பெயர்கூடச் சொல்லாத தம்பிக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் முறை வைத்துச் சோறு கொண்டுவந்த பதினொரு வீட்டாருக்கும், பந்தல் போட்ட தெரு இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. உண்மையை ஏற்றுக்கொண்ட போளூர் அம்மாவுக்கும் என் கைகூப்பிய வணக்கம். அவர் கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

"எங்க தங்கச்சி பொண்ணுக்கும் கல்யாணம் வருது. இனிமே யாராண்ட குடுக்கறது?"

இதுவரை அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. எல்லாரும் எங்கள் வீட்டையே பார்த்தோம். மல்லிகாம்மாதான் சொன்னார்: "எந்த வூட்ல வேணா குடுங்க. வந்து சேந்துடும்."

இதை இந்த மலரில் எழுதலாமா என்று தெரியவில்லை. மாமா எழுது என்கிறார். கண்ணமங்கலம் பக்கத்தில் இருப்பவர்கள் புடவையை என் வீட்டிலும் கொடுக்கலாம். வந்து சேர்ந்துவிடும்.