ஜல்தி சாப்பாடு

லீட்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்த முதல் வாரம், நான் சாப்பிட்டு முடித்த பிறகும் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். என்னோடு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் மார்கரெட் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. மாலை ஆறு மணிக்கு நனைந்த கோட்டோடு வந்தாள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே அடுப்பில் தண்ணீர் வைத்தாள். எலும்பில்லாத, தோலில்லாத, ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லாத வெள்ளைக் கறியை நறுக்கி வதக்கினாள். அது கோழி என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அட்டைப் பெட்டியிலிருந்து கிரீமை ஊற்றி, அரைத்து வைத்திருந்த பச்சை விழுது ஒன்றைக் கலந்து, வெந்த பாஸ்தாவை அதில் கொட்டிப் புரட்டினாள். ஆறரைக்குத் தட்டுகளோடு உட்கார்ந்துவிட்டோம். நான் அதைத் தின்றுவிட்டு, ஏதோ பலகாரம் என்று நினைத்து, சமையல் எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டுகளைக் கழுவி அடுக்கி விளக்கையும் அணைக்கப் போனாள். "சாப்பாடு?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "உனக்குப் பிடிக்கவில்லையா?" என்றாள். பிடித்தது, பிடிக்காதது பேச்சே இல்லை, அது முடிந்துவிட்டது என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை என்று அவளுக்கு விளக்க எனக்கு அன்றைக்கு ஆங்கிலம் போதவில்லை.

அந்தப் பச்சை விழுதுக்கு அவர்கள் பெஸ்டோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்கரெட் இத்தாலிக்குச் சுற்றுலா போனபோது கற்றுக்கொண்டது. அடுத்த முறை அவள் அதை அரைக்க இலைகளைக் கிள்ளியபோது சமையலறை முழுக்க வாசனை அடித்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அது எங்கள் ஊர்த் திருநீற்றுப்பச்சை. இல்லையென்றால் அதற்குக் கூடப்பிறந்தது. ஆரணியில் அதைக் கதம்பத்தில் பூவோடு பூவாகக் கட்டுவார்கள், சாமி படத்துக்கு வைப்பார்கள். அதன் விதைதான் கோடையில் சர்பத்துக்கடைக் கண்ணாடித் தம்ளரில் ஊறி வழுவழுவென்று மிதக்கும் சப்ஜா. அந்த இலையைப் பூண்டோடு அரைத்துக் கோழியில் போடலாம் என்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றியிருக்காது. "எங்கள் ஊரில் இதைக் கடவுளுக்குக் கொடுப்போம்" என்றேன். மார்கரெட் கையிலிருந்த கரண்டியை நிறுத்தி, நிஜமான அக்கறையோடு, "அவருக்குப் பாஸ்தா பிடிக்குமா?" என்று கேட்டாள். இந்த ஊரில் என்ன சொன்னாலும் இப்படித்தான் போய் முடிகிறது. நாம் ஒன்றைச் சொல்வோம், அவர்கள் மிகவும் மரியாதையாக வேறொன்றைப் புரிந்துகொள்வார்கள், அதைத் திருத்த உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

ஆனாலும் அந்தச் சமையலை நான் கற்றுக்கொண்டேன். சாய வேதியியல் படிக்க வந்தவள் நான். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து நின்றால் கால் கடுக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் கோழிக்குழம்பு வைத்தால் காலை முழுக்க அடுப்பு என்னுடையதாகிவிடும். மார்கரெட் பனி பெய்யும்போதும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள். அரை மணி நேரத்தில் ஆக்கி, தின்று, கழுவிவிட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம் என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா காலையில் பற்றவைத்த அடுப்பு மதியம் அணைந்து மறுபடி சாயங்காலம் எரிவதைப் பார்த்து வளர்ந்தவள். பெண்கள் படிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் இந்த அடுப்புதான் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

பெட்டியில் வேறு சிலவும் இருந்தன. திருகு திருகாக இரண்டு பொட்டலம் பாஸ்தா, தூளாக்கி டப்பாவில் அடைத்த சீஸ். டப்பாவைத் திறந்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொட்டியில எலி எதனா செத்துக் கெடக்குதா பாரு" என்றாள். சீஸ் என்றேன். "கெட்டுப்போனத எதுக்குடி அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கிகினு வந்த?" என்று அதைக் கொல்லைக் கூரையில் சொருகி வைத்தாள்.

நான் போன வேலை சீஸ் அல்ல, என் தங்கை கலா. பிளஸ் டூ நல்ல மார்க்கோடு முடித்திருந்தாள். வேலூரில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதே சமயம் முள்ளிப்பட்டிலிருந்து அத்தை, அதாவது நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் அக்கா, தன் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கேட்டால் மறுப்பது எளிதல்ல. நைனா நெய்யும் பட்டுக்குப் பாவு நூலும் ஊடு நூலும் அத்தை வீட்டுக்காரர் கொடுப்பது. நைனா முடிவு சொல்லாமல் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் பேச விரும்பாத நாட்களில் தறி கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும்.

ஒரு சனிக்கிழமை அத்தை வந்தாள். உட்கார்ந்ததும் என்னைத்தான் பிடித்தாள். "இன்னாடி தேவகி, சீமையில சோறு ஆக்க கத்துக்கினியா, இல்ல இன்னும் அடுப்ப பாத்தா பேய பாத்தா மாரி ஓடறியா?"

"நல்லா ஆக்குவேன் அத்த. அங்க வேலைக்குப் போற பொம்பளைங்க வந்து அரை மணி நேரத்துல சமைச்சிட்றாங்க. நானுந்தான்."

"அரை மணியா?" அத்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டுக்கினியா? ஒல வெச்சா தண்ணி கொதிக்கவே அரை மணி ஆவுது. படிச்ச பொண்ணுங்க வாயாலயே ஆக்கிடுதுங்க."

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. "நாளைக்கு ராத்திரி சாப்பாடு நான் செய்யறேன். நீங்களும் இருந்து சாப்டுட்டுப் போங்க. படிச்சா குடும்பம் பண்ண முடியாதுன்றீங்க இல்ல, பாருங்க. அப்புறம் கலாவ காலேஜிக்கு அனுப்பறத பத்தி பேசலாம்."

தறி நின்றது. "சரி, செய்யட்டும்" என்றார் நைனா உள்ளேயிருந்து. ஒரு வாரமாக நான் கேட்டதற்கு அவர் கொடுத்த முதல் பதில் அது. என் தங்கையின் படிப்பு ஒரு கோழியின் கழுத்தில் போய்த் தொங்கியது அப்படித்தான்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். நீங்கள் கற்ற எதையும் ஊரில் செய்துகாட்டுகிறேன் என்று வாய் விடாதீர்கள். மறுநாள் காலையிலேயே கோழி தேட வேண்டியிருந்தது. நைனா பக்கத்துத் தெருவிலிருந்து உயிரோடு ஒன்றைக் காலைக் கட்டித் தூக்கி வந்தார். முட்டையெல்லாம் இட்டு ஓய்ந்த நாட்டுக்கோழி. அதை அறுத்து, வெந்நீரில் போட்டு இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி வாட்டி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கிரீமுக்குப் பால்காரரிடம் கூடுதலாக வாங்கிய பாலைக் காய்ச்சிக் காய்ச்சி ஏடு எடுத்தோம். பாலில் தண்ணீர்தான் அதிகம், ஏடு ஒரு கரண்டிக்கு மேல் தேறவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். பெஸ்டோவில் போடும் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி, ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் என்று நானே தீர்மானித்தேன். இலைக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய மண்பானையில் புதர் மாதிரி திருநீற்றுப்பச்சை வளர்ந்திருந்தது. நான் ஊரைவிட்டுப் போகும்போது அது இல்லை. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு மொட்டையாகப் பறித்து அம்மியில் வைத்துப் பூண்டோடு அரைத்தேன்.

குடத்தோடு திரும்பிய அம்மா முதலில் பானையைப் பார்த்தாள். பிறகு அம்மியைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைக்கவில்லை.

"அல்லாத்தயும் பறிச்சிட்டியா?"

"கொஞ்சம் எலதானம்மா, தழைஞ்சிடும்."

"நீ ஏரோப்பிளான் ஏறின அன்னிக்கி நட்டது. கிருத்திகைக்குக் கிருத்திகை ஒரு கொத்து முருகனுக்கு வெச்சி, பொண்ணு நல்லாருக்கணும்னு கேட்டுகினு இருக்கேன். உனக்கோசரம் சாமிக்கு வெச்சத நீயே பூண்டு போட்டு அரைச்சிட்டியே, இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு போயி கேக்கறது?"

அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் குடத்தை வைத்துவிட்டுப் போய் மொட்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. இதை எனக்கு யாரும் சொல்லக்கூடாதா? சமுத்திரத்துக்கு அப்பால் ஆய்வுக்கூடத்தில் சாயக்குடுவையோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, என் பெயரில் இங்கே ஒரு செடி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுப்பு மூட்டியது சாயங்காலம். நாட்டுக்கோழி பத்து நிமிஷத்தில் வேகுமா? மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்து அடித்துக் கை ஓய்ந்தது, கறி ரப்பர் மாதிரி இருந்தது. கலா விறகடுப்புக்கு மாற்றினாள். கொதிக்கும் சாற்றில் ஏட்டை விட்டதும் திரிந்து எண்ணெய் தனியாக நின்றது. கூரையிலிருந்து சீஸ் இறங்கி வந்தது, அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "ஊட்ல கொழந்த யாரும் வாந்தி எடுக்கலயே?" என்று கேட்டாள். காலையிலிருந்து நாலு பேர் உழைத்த அந்த அரை மணி நேரச் சாப்பாடு ஒருவழியாகத் தட்டுக்கு வந்தபோது எல்லாருக்கும் பசி கண்ணை அடைத்தது.

அத்தை பாஸ்தாவை விரலால் தூக்கிப் பார்த்தாள். "ஸ்க்ரூ ஆணி மாரி கீது. இதுதான் ஜல்தி சாப்பாடா? நல்லா ஜல்தியா ஆச்சுடி. இன்னும் கொஞ்சம் ஜல்தியா செஞ்சிருந்தா நாளைக்கி காலைல துன்னுருக்கலாம்." நைனா கோழித்துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அம்மா முன்யோசனையோடு வைத்திருந்த ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை, மோர்ச்சோறு போதும் என்றுவிட்டாள். அத்தை கறியைக் கடித்து இழுத்தபடி தன் தம்பியிடம் திரும்பினாள். "பாத்துக்கினல்ல? சீமைக்கிப் போனதே இப்டி. கலாவயும் அனுப்பு, ஊட்ல அடுப்பே எரியாது. ஆவணியில தேதி பாக்கலாம், இன்னா சொல்ற?"

நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர், குமிழைத் திருப்பினால் நெருப்பு, கோழியை வேறு யாரோ எங்கோ அறுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள், வேகமாகச் சமைப்பது நான் அல்ல, அந்த ஊர் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் கலா பேசினாள். கரி படிந்த கையோடு அடுப்புப் பக்கத்திலிருந்தே பேசினாள்.

"அக்கா, நீ எதுக்கு எனக்கோசரம் சமைச்சிகினு இருந்த? நான் கேட்டனா? பரீட்சை எழுதனது நானு. மார்க்கு வாங்கனது நானு. அத சொல்றத உட்டுட்டு கோழிய கொண்டாந்து நிறுத்தற. கோழி நல்லா வெந்திருந்தா, அதுக்கோசரமா நான் காலேஜிக்கிப் போவணும்?" பிறகு அத்தையிடம், குரலை உயர்த்தாமல், "அத்த, எனக்கு நல்லாவே சமைக்க வரும். இன்னிக்கி அடுப்பு எரிச்சது நான்தான். ஆனா நான் படிக்கப் போறேங்க" என்றாள்.

அத்தை சிரிக்கவில்லை. நைனா ஒரு எலும்பை வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தார். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "காலேஜில எப்ப சேரணும்?" என்று கேட்டார். கலாவைத்தான் கேட்டார், என்னை அல்ல.

அத்தை கையைக் கழுவிக்கொண்டு அப்போதே கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அடுத்த மாதம் முள்ளிப்பட்டிலிருந்து பாவு வரவில்லை. சில நாள் தறி சும்மா கிடந்தது. பிறகு ஆரணியிலேயே வேறொருவரிடம் நைனா வேலை எடுத்துக்கொண்டார். கலா இப்போது வேலூரில் இரண்டாம் வருஷம். படிப்பு நடப்பது என் கோழியால் அல்ல என்று ஊருக்குப் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லி அனுப்புகிறாள். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் படித்தவள் குடும்பமும் நடத்துவாள், அரை மணியில் சோறும் ஆக்குவாள் என்று இனி யாரிடமும் ஜாமீன் கொடுக்க மாட்டேன். அடுப்பு அதன் பாட்டுக்கு எரியட்டும், படிப்புக்கு அது சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

நான் கிளம்பும்போது அம்மா புடவைக் கிழிசலில் முடிந்த சின்ன முடிச்சு ஒன்றைக் கையில் வைத்தாள். சப்ஜா விதை. "அங்கியே நட்டு நீயே வெச்சிக்க. என்னால உனக்கும் சாமிக்கும் நடுவுல காவல் காக்க முடியாது. துன்னணும்னா வேற தொட்டியில போட்டுத் துன்னு" என்றாள்.

அதனால் எங்கள் லீட்ஸ் சமையலறை ஜன்னலில் இப்போது இரண்டு தொட்டிகள். வலது பக்கம் இருப்பது பெஸ்டோவுக்கு. இடது பக்கம் இருப்பதை யாரும் தொடக்கூடாது. இரண்டும் ஒரே செடியா என்று மார்கரெட் கேட்டாள். ஆமாம் என்றேன். விஷமா என்றாள். இல்லை என்றேன். "சரி, வலது" என்று கோட்டைக் கழற்றினாள். மேற்கொண்டு கேட்காதது அவள் நல்ல குணம்.

நேற்று ஜன்னலைத் துடைக்கத் தொட்டிகளை இறக்கியிருக்கிறாள். துடைத்ததும் ஏற்றி வைத்திருக்கிறாள், எது எந்தப் பக்கம் என்று கவனிக்காமல். இன்று மாலை அடுப்பில் பாஸ்தா கொதிக்க, கோழி வதங்க, நான் இலை பறிக்கப் போய் நின்றேன். இரண்டும் ஒரே உயரம், ஒரே பச்சை. குனிந்து முகர்ந்தேன், ஒரே வாசனை. "ஆயிற்றா?" என்று மார்கரெட் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். பின்னால் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. எந்தத் தொட்டிக்கு நீட்டுவது என்று தெரியாமல் என் கை நடுவிலேயே நின்றது.