குச்சி கீழே விழுந்ததைப் பார்த்தவர்

சோமனூர் மேடையில் டிரம்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாலு மணி ஆகியிருக்காது. ரோஸ்லின் அக்காவின் எண். பஸ் ஏறிவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, போல்ட்டைத் திருகிக்கொண்டே காதில் வைத்தேன். பேசியது அவருடைய தம்பி சேவியர்.

"அக்கா இறந்துட்டாங்கண்ணா. கடையில சாப்பிட்டுப்போட்டு கை கழுவப் போனவங்க அப்படியே உளுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

நான் கேட்டேன்: "அப்ப எந்த பஸ்ஸுல வர்றாங்க?"

சேவியர் அதே வார்த்தைகளை முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார். அன்று காலை பத்து மணிக்கு என்னோடு பேசிய மனுஷி. மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டேன் என்று சிரித்த மனுஷி. இதை எழுதும்போதும் எனக்கு அது மனசில் ஒட்டவில்லை.

கோவையில் மேடையேறி வாசித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மதுக்கரைக்காரர். டவுன்ஹால் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்தும் வேலை. வயது ஐம்பத்து நாலு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாட வராது, ஒரு வாத்தியமும் தெரியாது. கேட்கத் தெரியும். கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ரா, சர்ச் பேண்டு, ஜமாப் மேளம், காலேஜ் பிள்ளைகளின் ராக் குழு எதுவானாலும், சவுண்டுக்காரரின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தோள்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். கை தட்டவே மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தட்டுனா அடுத்த பாட்டு எடுக்கறது காதுல உளுகாதுங்க" என்றார்.

என்னிடம் அவர் முதன்முதலில் பேசியது மதுக்கரை சர்ச் திருவிழாவில். வாசித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாராட்டை எதிர்பார்த்து இறங்கினேன். "ஏனுங்க தம்பி, மூணாவது பாட்டுல ரொம்ப வேகமாப் போயிட்டீங்க. பாடற அம்மணிக்கு மூச்சு வாங்குச்சுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. யார் இந்த அம்மா, இவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பாடகியிடம் கேட்டேன். "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் அவர்.

ஒருமுறை பீளமேட்டில் ஒரு காலேஜ் மைதானம். மாணவர்கள் புதிதாக ஆரம்பித்த குழுவுக்கு அதுதான் முதல் மேடை. மழை பிடித்துக்கொண்டது. மேடைக்குக் கூரை இருந்தது, கூட்டத்துக்கு இல்லை. எல்லோரும் வராந்தாவுக்கு ஓடிவிட்டார்கள். அக்கா மட்டும் நாற்காலியைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பாடிய பெண் நிறுத்தலாமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. "நிறுத்தீராதீங்க கண்ணு, நல்லாத்தான் போவுது" என்று அக்கா சத்தம் கொடுத்தார். மிச்சமிருந்த மூன்று பாட்டும் ஒரே ஒரு ஆளுக்காக வாசிக்கப்பட்டன. மறுநாள் அக்காவுக்குக் காய்ச்சல். போனில் விசாரித்தால், அந்தக் குழுவின் பேஸ் கிட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ரிசப்ஷன் கச்சேரி என்றால் அழைப்பில்லாமலே போய்விடுவார். பெரும்பாலும் வாசலோடு நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா, பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்துக் கையைப் பிடிக்காத குறையாகப் பந்திக்குக் கூப்பிட்டார். "நான் பாட்டுக்கு வந்தேனுங்க, சோத்துக்கு வரலீங்க" என்றார் அக்கா. அந்த மனிதர் பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் மேடைக்கு நேர் எதிரே ஒரு சோபாவைப் போட்டுக் கொடுத்தார். சோபாவில் உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று அக்கா அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமான விஷயம்.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் குழு சுருங்கிப்போனது மேடைக்காரர்களான உங்களுக்குத் தெரியும். பதினாலு பேர் வாசித்த இடத்தில் ஒரு லேப்டாப் வந்தது. இசை முழுவதும் அதிலிருந்து வரும், பாடகர்கள் மட்டும் நிஜமாகப் பாடுவார்கள். மேடை வெறிச்சென்று இருக்கக் கூடாது என்பதற்காக நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து கையை ஆட்டுவேன். என் மைக்கில் இணைப்பே இருக்காது. இருபத்தைந்து வருஷம் வாசித்த கை இப்படி நடித்துக்கொண்டிருந்தது.

சென்னிமலையில் ஒரு ரிசப்ஷன், லேப்டாப் வந்த பிறகு அக்கா எங்களைக் கேட்க வந்த முதல் கச்சேரி. குச்சி என் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து ஸ்டூலுக்கு அடியில் தேடுகிறேன். அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் டிரம்ஸ் உருட்டோ உருட்டு என்று உருட்டுகிறது. கூட்டம் விசில் அடித்தது. நான் நிமிர்ந்தபோது அக்கா எழுந்து நின்றிருந்தார். என்னையே பார்த்தார். தோள்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு கச்சேரியின் பாதியில் அவர் எழுந்து போய் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் நானே போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். அவர், "குச்சி கீழ கெடந்துச்சு, சத்தம் நிக்கலியேங்க தம்பி" என்று மட்டும்தான் சொன்னார். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓசில கேக்க வர்றவங்களுக்கு இவ்வளவு ரோசம் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு ஒன்றரை வருஷம் எந்தக் கச்சேரிப் பக்கமும் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அக்காவுக்கு முட்டி வலி என்று சொன்னேன்.

சோமனூர் நிகழ்ச்சி வந்தபோது எங்கள் குழுத் தலைவர் நடராஜிடம் மல்லுக்கட்டி, ஆறு பாட்டுகளை மட்டும் லேப்டாப் இல்லாமல் ஆட்களை வைத்தே வாசிக்கச் சம்மதம் வாங்கினேன். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"நெசமாலுமே கையிலதான் வாசிக்கறீங்களா?"

"நெசமாலுங்க."

"அப்ப வாரேனுங்க."

மன்னிப்பை நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

சேவியரின் போனுக்குப் பிறகு உடனே கிளம்பிவிடத்தான் பார்த்தேன். உடல் மறுநாள் காலையில்தான் வீட்டுக்கு வரும் என்று சொல்லிவிட்டார். நடராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர். "செல்வா, அந்தம்மாவுக்காகத்தான இதெல்லாம்? லேப்டாப்பையே போட்டுக்கலாமுங்க" என்றார். வேண்டாம் என்றேன். விட்ட இடத்திலிருந்து போல்ட்டைத் திருக ஆரம்பித்தேன்.

ஆறரைக்கு ஆரம்பித்தோம். நாலாவது பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முந்தைய இடையிசையில், ஒரு தட்டு முன்னாலேயே வாசித்துவிட்டேன். பேஸ் வாசித்தவர் தடுமாறி வந்து சேர்ந்தார். பச்சையான தப்பு. நான் சவுண்டுக்காரர் மேஜைப் பக்கம் பார்த்தேன். அவர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் மற்ற பாட்டுகளுக்குத் தட்டிய அதே அளவு கை தட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அக்கா செத்துப்போய்விட்டார் என்று. மேடையிலேயே அழுதேன், வாசித்துக்கொண்டே.

மறுநாள் மதுக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் நம் ஆட்கள் அத்தனை பேர் இருந்தீர்கள். மண் போட்டுவிட்டுக் கை கழுவும்போது, "கடைசில முட்டி வலியில ரொம்பக் கஷ்டப்பட்டுப்போட்டாங்க போலிருக்கு" என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். மற்றவர்கள் உச்சுக் கொட்டினீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரோஸ்லின் அக்காவின் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றரை வருஷம் அவர் பாட்டுக் கேட்க வராமல் போனது என்னால், நான் சொன்ன சொல்லால். அவர் படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. தப்பாக வாசித்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் மட்டும் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.