என் காலை அமுக்கிப் பார்த்த டாக்டரம்மா

என் மாமியாரும் நானும் ஒரே சமயத்தில் பிள்ளை உண்டாகியிருந்தோம். முதல் வரியிலேயே இதைப் போட்டு உடைத்துவிடுகிறேன். அன்றைக்கு வீட்டோடு சேர்ந்து மூடி மூடி வைத்தோமே, அந்த வெட்கம் செய்த வேலையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் தாராவியில் எங்களுக்கு ஒரே கோலி. ஒற்றை அறையை அங்கே அப்படித்தான் சொல்வோம். அதில் மாமா, அத்தை, கல்யாணமாகாத இரண்டு கொழுந்தன்மார். குறுக்கே கட்டிய சேலைக்கு இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். மாமாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. இவருக்குக் குர்லாவில் ஒரு பட்டறையில் லேத்து வேலை. அந்த மாதிரி இடத்தில் ஒருத்தி வாந்தி எடுத்தால் சால் முழுக்க, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய அத்தனை கோலிக்கும், தெரிந்துவிடும். நான் எடுத்தது தெரிந்தது. அத்தை எடுக்கவே இல்லை. வயிறு உப்பலாக இருப்பதற்கு வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்களும் நம்பினோம்.

ஒரு நாள் மோரியில், அதாவது அறை மூலையில் குளிக்கிற தொட்டிப் பக்கம், சேலை மாற்றும்போது நான் பார்த்துவிட்டேன். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குந்தாம்ளா. யார்ட்டயும் மூச்சு விட்ராத. மருமவ வயித்தோட நிக்கையில எனக்கு இது என்ன கூத்து?"

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு வந்தது எரிச்சல். தலைப்பிள்ளை சுமப்பவள் நான். எல்லாரும் என்னைத் தாங்க வேண்டிய நேரத்தில் இவளும் வந்து பக்கத்தில் நின்றால்? மாமா சாயங்காலம் வேட்டி மடிப்பில் கொய்யாப்பழம் மறைத்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார். அவள் பெரிய பழமாகப் பார்த்து எனக்குத்தான் தருவாள். அப்படியும் எனக்கு வயிறு எரிந்தது. சேலைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு இவர் காதில் கிசுகிசுத்துச் சிரித்திருக்கிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் சாலில் பிள்ளைப்பேறு என்றால் மருத்துவச்சிதான். ரொம்பப் பயந்தவர்கள் முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் போய் வரிசையில் நிற்பார்கள். மாதுங்காவில் தமிழ் பேசும் லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் போவது ஆபீஸ் குடும்பத்துப் பெண்கள். எனக்கு அவரிடம்தான் போக வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்த திமிர். இவர், "மருத்துவச்சி போதாதா?" என்று கேட்டதற்கு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன்.

எனக்காகச் சண்டை போட்டது அத்தை.

"ஏலே, அது தாயில்லாப் பிள்ள. தலைப்பிரசவத்துக்குப் போவ ஒரு வீடு உண்டா அவளுக்கு? ஆசப்பட்டுட்டா. டாக்டரம்மாட்டயே காட்டுவோம்."

"நீங்க அத்தே?" என்று கேட்டேன். கேட்டேன்தான், ஒப்புக்கு.

"எனக்கென்ன, அஞ்சு பெத்தவ. மருத்துவச்சி கை போதும். மாமியாளும் மருமவளும் ஒரே பெஞ்சுல வயித்தத் தள்ளிக்கிட்டு உக்காந்தா ஊரு சிரிக்காதா?"

சரி என்று விட்டுவிட்டேன். இன்னொரு தரம் கேட்டிருந்தால் வந்திருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

மாதா மாதம் மாதுங்காவுக்கு நடந்தே போவோம். முந்தானையைத் தளர விட்டு, வயிறு தெரியாமல் இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தை எனக்குத் துணைக்கு வருவாள். அந்தக் காத்திருக்கும் அறையில் மடிப்புக் கலையாத சேலைகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஓரமாக உட்காருவோம். எனக்கு அங்கே உட்காருவதே பெருமை. பக்கத்தில் அத்தை இருப்பது மட்டும் கொஞ்சம் கூச்சம். இதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எட்டாம் மாதம் நடந்த நாட்களில் ஒரு தடவை போகும் வழியில் அத்தை நின்றுவிட்டாள். ரயில் பாலத்துப் படியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஏட்டி, காலு ரெண்டும் பொதபொதன்னு வீங்கிப் போவுது. தல விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்க மாதிரி இருக்கு."

"மருத்துவச்சிட்ட சொன்னேளா?"

"நீர்க்கோவைன்னுட்டா. பார்லிக் கஞ்சி குடிக்கச் சொன்னா. நீ ஒண்ணு செய்யி. டாக்டரம்மாட்ட இத உனக்குன்னு கேளு. உனக்கு என்ன சொல்லுதாளோ, அதயே நானும் செஞ்சிக்கிடுதேன்."

கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கூடக் கொண்டோம்.

உள்ளே போனதும் ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன். கால் வீக்கம், தலைவலி, பூச்சி பறப்பது. டாக்டரம்மாவின் முகம் சட்டென்று மாறியது. என்னைப் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறு காலிலும் பார்த்தார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு தரம் போதாமல் இரண்டாம் தரமும் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது.

"உனக்கு ஒண்ணுமே இல்லேம்மா. காலில் வீக்கமே இல்லே, பிரஷர் நன்னா இருக்கு. யாராவது ஏதாவது சொல்லிப் பயமுறுத்தினாளா?"

நான் அத்தையைப் பார்த்தேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு வாருக்கு மேலே கால் பிதுங்கி நின்றது. டாக்டரம்மா குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் எதற்குக் குனிகிறார்? அவருக்கு அவள் துணைக்கு வந்த மாமியார்.

"எனக்கில்லை டாக்டர், இவங்களுக்கு." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை என் முழங்கையைத் தொட்டு வேண்டாம் என்பதுபோல் கண்ணால் சொன்னாள். அவள் தடுத்தாள் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். தடுத்தது அவள் மட்டுமா? கதவு திறந்திருந்தது. வெளியே அந்த மடிப்புச் சேலைக்காரிகள். அவர்கள் காதில், என் மாமியாரும் மாசமாக இருக்கிறாள் என்று விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "ரொம்பப் பயப்படறா. நீங்கதான் தைரியம் சொல்லணும்."

"சொல்லுதேம்மா," என்றாள் அத்தை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஒண்ணுமில்லன்னுட்டா, என்ன?"

"ஒண்ணுமில்லையாம் அத்தே."

என் காலைப் பார்த்துச் சொன்னதை அவள் காலுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு முகமெல்லாம் தெளிந்துவிட்டது. "அப்பாடி, மனசு லேசாச்சு," என்று சொல்லி, வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி அவள் கையாலேயே வைத்துவிட்டாள். எனக்கு ஏன் அப்போதாவது உறைக்கவில்லை? டாக்டரம்மா முகம் மாறியதைப் பார்த்தவள் நான்தானே? சும்மா நீர்க்கோவைக்கா ஒரு டாக்டருக்கு முகம் அப்படி மாறும்?

அந்த வாரமே ஒரு நாள் காலையில் மோரியில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அத்தை கீழே கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. சாலில் உள்ளவர்கள் ஓடிவந்து கையில் சாவியைத் திணித்தார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் அவள் வயிறு தெரிந்தது. இவரும் மாமாவும் தூக்கி டாக்ஸியில் போட, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அத்தை பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை, உயிரில்லாமல்தான் வந்தது.

நினைவு திரும்பிய மறுநாள் ஒரு டாக்டர் கட்டிலருகே வந்து இந்தியில் கேட்டார். கால் வீங்கியதா, தலை வலித்ததா, முன்னாலேயே வந்திருந்தால் குழந்தையையும் காப்பாற்றியிருக்கலாமே, எந்த டாக்டரிடமும் காட்டவில்லையா என்று. எங்கள் வீட்டுப் பெண்களில் எனக்குத்தான் இந்தி கொஞ்சம் வரும்.

"என்ன கேக்காவ?" என்றாள் அத்தை.

சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள்.

"நாந்தான் யார்ட்டயும் காட்டலன்னு சொல்லு."

அதையும் அப்படியே இந்தியில் சொன்னேன். பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார், மாமா நின்றுகொண்டிருந்தார். என் நாக்கு புரளத்தான் செய்தது.

எனக்கு மாதம் முடிந்து வலி எடுத்தபோது, எழுந்து நடமாட ஆரம்பித்திருந்த அத்தைதான் என்னோடு மாதுங்காவுக்கு வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "தாயில்லாப் பிள்ள," என்றாள் மறுபடியும். எனக்கும் பெண் குழந்தை. சுகப்பிரசவம். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி அவள் கையில்தான் முதலில் கொடுத்தார்கள்.

டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷி, ஒன்றும் தெரியாது அவருக்கு. சிரித்துக்கொண்டே அத்தையிடம் சொன்னார்: "பாருங்கோ, கால் வீக்கம், தலைவலி, பூச்சி பறக்கறதுன்னு என்னமாப் பயந்தா உங்க மருமகள். ஏதாவது ஆச்சா?"

அத்தை பேத்தியின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "அவ சும்மாதான் பயந்துட்டா."

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் அழுகை வரும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அத்தை ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள்.